நாற்பத்தாறாம் கேள்விக்கு மோனிஷா சொன்ன பதில்

சித்தெ நவுந்து உக்காரு கண்ணு. சன்னலோரம் எனக்கு வேண்டாம், நீயே இருந்துக்கோ. பஸ்ஸு எடுக்க இன்னும் பத்து நிமிசமாவது ஆகும், டிரைவரு இப்பத்தான் டீக்கடைப் பக்கம் போறாரு. மடியில என்ன, பி.எட். புஸ்தகமா? உள்ளடக்கிய கல்வின்னு தனிப் பாடமே வெச்சுப்போட்டாங்களா. நல்லாப் படி. என்ற பேரு ஜெயக்கொடி. தையல் டீச்சர். முப்பத்திமூணு வருசம் சர்வீஸ் முடிஞ்சுது, வர்ற மே மாசம் ரிட்டயர்மெண்டு. இப்ப எங்கிருந்து வர்றேன்னு நெனைக்கறே? ஜில்லா ஆபீஸ்ல விசாரணைக்குப் போயிட்டு வர்றேன். அடுத்தவங்களப் பத்திச் சாட்சி சொல்லப் போகலை. என்னையத்தான் விசாரிச்சாங்க.

தையல் டீச்சர் மேல என்ன விசாரணைன்னு நீ கேக்கலாம். நான் எழுதறவ கண்ணு. பொதுத்தேர்வுல கண்ணு தெரியாத புள்ளைங்க, கை ஓடாத புள்ளைங்க இருக்குதுல்ல, அதுங்க வாயில சொல்லச் சொல்லப் பக்கத்துல ஒரு டீச்சர் உக்காந்து எழுதோணும். சொல்வதை எழுதுபவர்னு ஆர்டர் வரும். அந்தப் பாடம் நடத்தறவங்களப் போடக் கூடாது, அதனால தையல் டீச்சர், பாட்டு டீச்சர்னு தேடுவாங்க. மத்தவங்க அந்த ஆர்டரப் பாத்தா ஒடம்பு சரியில்லைன்னு லீவு எழுதிக் குடுத்துருவாங்க. ஒரு மணி நேரம் எச்சா உக்காரோணும், வேசகாலத்து வெயிலு, தனி ரூம்பு, ஃபேனு ஓடுனாலும் ஓடும். நான் ஒரு வருசங்கூட மாட்டேன்னு சொன்னதில்லை. என்ற கையெழுத்தப் பாத்தீன்னா அச்சடிச்ச மாதிரி இருக்கும். பத்தொம்பது புள்ளைங்களுக்கு எழுதியிருக்கறேன். ஒன்னுகூடத் தோத்ததில்லை. வர்ற மார்ச்சுலயும் எழுதியிருந்தா இருபது.

இன்னைக்குச் சட்டம் சட்டம்னு எல்லாரும் பேசறாங்க. நான் வேலைக்கு வந்த காலத்துல கண்ணு தெரியாத புள்ளைய இஸ்கூலுக்குக் கூட்டியாந்தா கேட்டுலயே நிறுத்திப் பேசுவாங்க. இதுக்குன்னு தனி இஸ்கூல் இருக்குதும்மா, ஆஸ்டல் இருக்குதும்மா, அங்க சேத்துங்கன்னு தாட்டி உட்டுருவாங்க. அஞ்சு வயசுப் புள்ளைய அத்தனை தொலைவுல ஆரு கொண்டுபோயி உடுவா? ஊட்டுலயே கெடக்கும். தொண்ணூத்தஞ்சுல ஒரு சட்டம் வந்துது. எங்க ஹெட்மாஸ்டரு அந்தச் சுற்றறிக்கைய எல்லாருக்கும் படிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கி, பீரோவுல வெச்சுப் பூட்டுனாரு. பொறவு ரெண்டாயிரத்து ஒம்பதுல கட்டாயக் கல்விச் சட்டம், எந்தப் புள்ளையையும் சேத்த மாட்டேன்னு சொல்லக் கூடாது. பொறவு பதினாறுல ஊனமுற்றவங்க உரிமைன்னு இன்னொரு சட்டம். ஒவ்வொரு சட்டத்துக்கும் மூணு நாள் பயிற்சி, எலுமிச்சஞ்சோறு, ஒரு நோட்டு, ஒரு பேனா. ஒன்னு உடாம எல்லாத்துக்கும் போனவ நான். எங்க இஸ்கூல்ல சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்டோணும்னு மீட்டிங்குல எந்திரிச்சுக் கேட்டதும் நான்தான். கட்டுனாங்க. இன்னைக்கும் இருக்குது, வாத்தியாருங்க வண்டிய ஏத்தி நெழல்ல நிறுத்தறதுக்கு நெம்ப வசதி.

இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நான் ஒன்னும் தெரியாதவ இல்லைன்னு உனக்குத் தெரியோணும். விதியெல்லாம் எனக்கு மனப்பாடம். புள்ளை சொல்றத மட்டுந்தான் எழுதோணும். சேத்தக் கூடாது, கொறைக்கக் கூடாது, திருத்தக் கூடாது. கேள்வியத் திருப்பிக் கேட்டாப் படிச்சுக் காட்டலாம், அதுக்கு மேல வாயத் தொறக்கக் கூடாது. நான் வாயத் தொறந்ததே இல்லையே.

மொதல் வருசம் ஒரு புள்ளை, கை ரெண்டும் நடுங்கிக்கிட்டே இருக்கும். வரலாத்துப் பரீச்சை. வருசத்தத் தப்பாச் சொல்லுது. நான் என்ன பண்ணுனேன்? பேனாவ மேசை மேல வெச்சுட்டேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசலை. அது என்ற மொகத்தப் பாத்துது, பேனாவப் பாத்துது, அப்பறம் வேற வருசஞ் சொல்லுச்சு. அதுவும் தப்பு. நான் பேனாவ எடுக்கலை. மூணாவதாச் சொன்னது சரி, எடுத்து எழுதுனேன். இதுல விதிய எங்க மீறுனேன், நீயே சொல்லு. அடுத்த வருசம் வந்தது கண்ணு தெரியாத புள்ளை, பேனாவக் கீழ வெச்சா அதுக்குத் தெரியாதே. அதுக்காக அப்படியே உட்டுற முடியுமா? சரியான வருசத்த நானே போட்டேன். ஒரு மார்க்குதான். அந்தப் புள்ளை இன்னைக்கு பேங்குல வேலை பாக்குது.

இதோ எடுத்துட்டாரு. காத்து வந்தாத்தான் உசுரு வருது.

மோனிஷா. அதுதான் அந்தப் புள்ளை பேரு. போன மார்ச்சுல பன்னெண்டாவது எழுதுனா. பக்கத்து ஊரு மேல்நிலைப் பள்ளி, அவங்க அம்மா சாந்தாமணி நூல் மில்லுல வேலைக்குப் போறா, அப்பன் இல்லை. பொறந்ததுல இருந்தே கண்ணு தெரியாது. மொத நாள் தமிழ்ப் பரீச்சைக்கு வந்து உக்காந்தா பாரு, வணக்கம் டீச்சர், உங்க பேரென்னங்க டீச்சர்னு கேட்டா. அதுக்கு முன்ன பதினெட்டுல ஒன்னுகூட என்ற பேரக் கேட்டதில்லை. ஜெயக்கொடின்னேன். நான் கொஞ்சம் மெதுவாத்தான் சொல்லுவேன் ஜெயக்கொடி டீச்சர், உங்களுக்குக் கை வலிச்சாச் சொல்லுங்கன்னா. எனக்கு அப்பவே புடிச்சுப் போச்சு கண்ணு. ஒரு மக இருந்திருந்தா இப்படி இருக்கோணும்னு நெனைச்சேன்.

அவ பதில் சொல்ற வெதமே வேற. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாத்தையும் வாயில சொல்லுவா. பத்தி முடிஞ்சுது டீச்சர், அடுத்த வரியில இருந்து ஆரம்பிங்கம்பா. எனக்குத் தெரியாதா புள்ளி எங்க வைக்கறதுன்னு உள்ளுக்குள்ள ஒரு எரிச்சல் வந்துது, ஆனாக் காட்டிக்கலை. கெட்டிக்காரி. எனக்கு வேலையே வைக்கலை. செய்யுளெல்லாம் தண்ணி மாதிரிச் சொன்னா. இலக்கணத்துல ரெண்டு எடத்துல தடுமாறுனா, அத நான் பாத்துக்கிட்டேன். வாசல்ல ஒரு வாத்தியாரு காவலுக்கு, அவரு காத்துக்காகச் சேரைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிப் போட்டு உக்காந்துட்டாரு. எல்லாம் நல்லாப் போயிட்டிருந்துது, நாற்பத்தாறாம் கேள்வி வர்ற வரைக்கும்.

நாற்பத்தாறாவது பொதுக்கட்டுரை. ‘என் பள்ளி நாட்கள்’. முன்னுரை, ஆசிரியர்கள், நண்பர்கள், முடிவுரைன்னு அவங்களே தலைப்புக் குடுத்திருந்தாங்க. எட்டு மார்க்கு. இதை விட லேசான கட்டுரை ஏதாச்சும் இருக்குதா? நான் படிச்சுக் காட்டுனேன். அவ நிமுந்து உக்காந்து ஆரம்பிச்சா.

‘என் பள்ளி நாட்களை எண்ணிச் சொல்ல முடியும். முற்றுப்புள்ளி. முதல் ஐந்து ஆண்டுகளில் நான் பள்ளிக்குப் போனது முப்பத்தொரு நாள். முற்றுப்புள்ளி. ஆனால் பதிவேட்டில், காற்புள்ளி, நான் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. முற்றுப்புள்ளி.’

மேல சொன்னா. அவள ஒன்னாவது சேத்தப் போனப்ப, ஊர்ப் பள்ளிக்கூடத்துல சட்டப்படி பேர எழுதிக்கிட்டாங்களாம். எழுதிப்போட்டு, புள்ளை உழுந்து கிழுந்து வெச்சா ஆரு பதில் சொல்றது, ஊட்டுலயே இருக்கட்டும், ஆஜர் நாங்க போட்டுக்கறோம்னு சாந்தாமணி கிட்டச் சொல்லியிருக்கறாங்க. புஸ்தகம், சீருடை, செருப்பு எல்லாம் ஊடு தேடி வந்துருமாம். அதிகாரி பள்ளிக்கூடத்தப் பாக்க வர்ற அன்னைக்கு மட்டும் பள்ளிக்கூடத்து ஆயா ஓடியாந்து சீருடை போட்டுக் கூட்டிட்டுப் போயி ரெண்டாவது வரிசையில உக்கார வெப்பாங்களாம். அப்படிப் போனது முப்பத்தொரு நாள். ‘பக்கத்தில் உட்காருபவள் ஒவ்வொரு முறையும் என் பெயரைக் கேட்பாள். முற்றுப்புள்ளி. ஒவ்வொரு முறையும் நான் புதிதாகச் சொல்வேன். முற்றுப்புள்ளி. சட்டம் என் பெயரைப் பதிவேட்டில் சேர்த்தது, காற்புள்ளி, என்னை வகுப்பில் சேர்க்கவில்லை. முற்றுப்புள்ளி.’

அழுதுக்கிட்டுச் சொன்னாளான்னு கேட்டீன்னா, இல்லை. செய்யுள் சொன்ன மாதிரிதான் சொன்னா.

நான் ரெண்டு வரியோட பேனாவ நிறுத்திப்போட்டேன். ஏன்னு நெனைச்சுப் பாரு. பேப்பரத் திருத்தறது ஆரு? அவரும் ஒரு வாத்தியாருதான். அஞ்சு வருசம் பொய் ஆஜர் போட்டாங்கன்னு படிச்சா அவருக்குச் சுருக்குன்னு இருக்குமா இருக்காதா? எட்டுல ரெண்டு போடுவாரு. குடுத்த தலைப்பு ஆசிரியர்கள், நண்பர்கள். இவ சொல்றதுல ஆசிரியரும் இல்லை, நண்பரும் இல்லை. அப்பறம் இன்னொன்னும் சொல்றேன் கண்ணு, தப்பா நெனைக்காதே. அந்தப் பள்ளிக்கூடத்துல சீருடை குடுத்தாங்க, செருப்புக் குடுத்தாங்க, ஊடு தேடி வந்து குடுத்தாங்க. அத ஒரு வார்த்தை நல்லபடியாச் சொல்ல வேண்டாமா? சின்னப் புள்ளை, மனசுல வெசனம். பரீச்சை அதைக் கொட்டற எடமா?

எழுதுன ரெண்டு வரியப் படிக்க முடியாத மாதிரி கோடு கோடாப் போட்டு அடிச்சேன். புது வரியில இருந்து நான் எழுதுனேன். ‘கண்ணின் மணியெனக் காத்த ஆசிரியப் பெருமக்கள்’னு ஆரம்பிச்சு, கை புடிச்சுக் கூட்டிட்டுப் போன தோழிகள், பார்வை இல்லாட்டியும் அன்புங்கற வெளிச்சத்துல நடந்தேன், இந்தப் பள்ளிக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்னு அப்படியே வந்துது. அவ பாட்டுக்குச் சொல்லிட்டே இருக்கறா. என்ற பேனா ஓடுற சத்தத்தக் கேட்டு நிறுத்தி நிறுத்திச் சொல்றா, நான் எழுதி முடிக்கட்டும்னு. முடிஞ்சதும் எத்தனை பக்கம் வந்துது டீச்சர்ன்னா. மூனரைப் பக்கம்னேன். நெசந்தான், மூனரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவளுக்கு மொகமெல்லாம் சந்தோசம். இத நான் இதுக்கு முன்ன ஆருகிட்டயும் சொன்னதில்லைங்க டீச்சர், உங்ககிட்டத்தான் மொதல்லன்னு சொன்னா.

ரிசல்ட்டு வந்துது. தமிழ்ல தொண்ணூத்தஞ்சு. தாயும் மகளும் எங்க ஊட்டுக்கு வந்தாங்க, ஒரு சீப்பு செவ்வாழையோட. சாந்தாமணி என்ற கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. நான் காப்பி போட்டுக் குடுத்தேன். மோனிஷா காலேஜுல தமிழே எடுத்துப் படிக்கப் போறேன்னா. படி கண்ணு, உனக்கென்னன்னேன். வாசல் வரைக்கும் போயி, படியில எறக்கி உட்டேன்.

அதுக்கப்பறம் பத்து நாள்ல அவ பண்ணுன காரியம் எனக்கு ரெண்டு மாசங்கழிச்சுத்தான் தெரிஞ்சுது. விடைத்தாள் நகல் வேணும்னு எழுதிப் போட்டிருக்கறா. தொண்ணூத்தஞ்சு வாங்குனவ எதுக்குக் கேக்கறா? மத்த புள்ளைங்க மார்க்குக் கொறைஞ்சுதுன்னு கேக்கும். இவ கேட்டது அந்தக் கட்டுரைக்காகவாம். அது அவகிட்ட இருக்கோணுமாம். அவங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆரையாச்சும் உட்டு அம்மா முன்னால படிக்கச் சொல்லோணும்னு ஆசையாம். நகல் வந்துது. கூடப் படிச்ச புள்ளை ஒருத்தி வந்து உக்காந்து படிச்சிருக்கறா. செய்யுள், இலக்கணம் எல்லாம் சரியா வந்துது. நாற்பத்தாறு வந்ததும், கண்ணின் மணியெனக் காத்தன்னு அவ படிக்க, இவ நிறுத்து நிறுத்து, அது என்றது இல்லைன்னாளாம்.

இதுல ஒரு கூத்தக் கேளு. நான் மாத்தி எழுதுனேன்னு அவளுக்குத் தோணவே இல்லை. தாளு மாறிப்போச்சுன்னு நெனைச்சிருக்கறா. கட்டுல வேற ஆரோ ஒரு புள்ளையோட தாளு வந்து கோத்துக்கிச்சு, என்ற கட்டுரை இருக்கற தாளு வேற எங்கியோ இருக்குது, தேடிக் குடுங்கன்னு மனுப் போட்டிருக்கறா. அந்த மனுவ இன்னைக்கு ஆபீசரு என்ற கையில குடுத்துப் படிக்கச் சொன்னாரு. அதுல இருந்தது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்குது. ‘எனக்காக எழுதிய ஜெயக்கொடி ஆசிரியை மிகவும் நேர்மையானவர். அவரைக் கேட்டால் இது நான் சொன்னது அல்ல என்று அவரே சாட்சி சொல்வார்.’

சாட்சி. என்னையவே சாட்சிக்குக் கூப்புட்டிருக்கறா, பாத்தியா.

கண்டக்டரு டிக்கெட்டுக்கு வர்றாரு, வாங்கிக்கோ. நானு வாங்கிட்டேங்க, இதோ.

விசாரணைன்னா பெருசா ஒன்னுமில்லை. ஒரு மேசை. அந்தப் பக்கம் ஆபீசரு, இந்தப் பக்கம் நான், எனக்கெதிர்ல மோனிஷாவும் சாந்தாமணியும். ஆபீசரு நல்ல மனுசன், குரலே உசத்த மாட்டாரு. விடைத்தாளக் காட்டி இது உங்க எழுத்தான்னு கேட்டாரு. ஆமாங்க சார், எல்லாப் பக்கமும் என்ற எழுத்துத்தான், தாளு ஒன்னும் மாறலைன்னேன். அப்பத்தான் மோனிஷாவுக்குப் புரிஞ்சுது. சத்தம் வந்த பக்கமா என்னையப் பாத்துத் திரும்புனா. நான் வந்ததுல இருந்து டீச்சர் வந்திருக்கறாங்களா, எங்க உக்காந்திருக்கறாங்கன்னு அம்மாகிட்டக் கேட்டுக் கேட்டுச் சிரிச்ச மொகமா இருந்தவ, சிரிப்பு அப்படியே போயிருச்சு.

டீச்சர், நான் சொன்னது உங்களுக்குக் கேக்கலைங்களான்னா. கேட்டுது கண்ணுன்னேன். புரியலைங்களான்னா. புரிஞ்சுதுன்னேன். அப்பறம் ஏனுங்க டீச்சர்ன்னா. உன்ற நல்லதுக்குத்தான், நீ சொன்னத எழுதியிருந்தா ரெண்டு மார்க்குக்கூட வந்திருக்காதுன்னேன். சாந்தாமணிக்கு என்ன நடக்குதுன்னே தெரியலை, மக கையப் புடிச்சுக்கிட்டு என்னையும் ஆபீசரையும் மாத்தி மாத்திப் பாக்கறா.

ஆபீசரு அந்தப் புள்ளைகிட்ட எத்தனை தன்மையாப் பேசுனாருங்கறே. ‘இத பாரும்மா, மார்க்கு நல்ல மார்க்கு, சீட்டும் கெடைச்சுது. பரீச்சைப் பதட்டத்துல நான்தான் இப்படிச் சொல்லிட்டு மறந்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீன்னா இத்தோட முடிச்சுக்கலாம். டீச்சர் ரிட்டயர்டு ஆகப் போறவங்க.’ ஒரு வரி கண்ணு. நான்தான் அப்படிச் சொன்னேன்னு ஒரு வரி. அவளுக்காக மூனரைப் பக்கம் எழுதுனவ நான். எனக்காக ஒரு வரி அவ எழுதக் கூடாதா? அவ மாட்டேன்னுட்டா.

‘அந்த எட்டு மார்க்கு என்றது இல்லைங்க சார், டீச்சரோடது. எடுத்துருங்க.’

மார்க்க எடுக்கறதுக்கு விதி இல்லையேம்மான்னு ஆபீசரு தலையச் சொறிஞ்சாரு. அப்ப நீ என்னதான் சொன்னேன்னு ஒரு தடவை சொல்லுன்னாரு. சொன்னா. மொத வரியில இருந்து கடைசி வரி வரைக்கும், ஏழு மாசங்கழிச்சு, ஒரு வார்த்தை மாறாம. இப்படித்தான் சொன்னாளான்னு ஆபீசரு என்னையக் கேட்டாரு. எனக்கும் ஞாபக சக்தி கொறைச்சல் இல்லை. ஆமாங்க சார், இப்படியேதான் சொன்னான்னேன். பொய் சொல்ற பழக்கம் எனக்கு இல்லை கண்ணு. ஆபீசரு அத எழுதிக்கிட்டாரு. இனிமேல் எந்தப் பொதுத்தேர்வுலயும் எந்தப் பணியிலயும் என்னைய நியமிக்கக் கூடாதுன்னு அவரு எழுதறத நான் தலைகீழாவே படிச்சேன்.

பத்தொம்பது புள்ளைங்க. அதுல ஒன்னு பேங்குல, ஒன்னு ரயில்வேயில, ஒன்னு எங்கள மாதிரியே வாத்தியாரு. ஒன்னாவது நீ ஏன் எனக்கு நல்லது பண்ணுனேன்னு கேட்டிருக்குமா? நான் நெஞ்சுல வெச்சுருந்த புள்ளை கேட்டுப்போட்டா. அவகிட்ட நான் ஏமாந்து போயிட்டேன். எனக்குக் கோவத்த உட அழுகைதான் வந்துது, அடக்கிக்கிட்டேன்.

எல்லாம் முடிஞ்சு எந்திரிக்கப் போறப்ப அவ இன்னொன்னு கேட்டா. டீச்சர் மேல நடவடிக்கை எதுவும் வேண்டாங்க சார்ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நடவடிக்கைய நான் முடிவு பண்றேம்மான்னாரு ஆபீசரு. அப்ப எனக்கு ஒன்னே ஒன்னுதானுங்க, நான் சொல்லச் சொல்ல டீச்சரே இப்ப அந்தக் கட்டுரைய எழுதோணும், அது இந்த ஃபைல்ல இருக்கோணும்ன்னா. ஆபீசருக்கு இத்தோட ஆள உட்டாப் போதும்னு இருந்துது. சரி சரின்னு நாலு வெள்ளைத்தாள என்ற முன்னால வெச்சாரு. வெச்ச கையோட அவருக்குப் போன் வந்துது, மந்திரி வர்ற நிகழ்ச்சி ஏதோ, பேசிக்கிட்டே வெளிய போயிட்டாரு.

நாங்க மூணு பேருந்தான். அவ சொன்னா, நான் எழுதுனேன். அப்ப நான் ஒன்னையும் மாத்தலை, சத்தியமா. முப்பத்தொரு நாளும் எழுதுனேன். ஆயாவும் சீருடையும் எழுதுனேன். பேரக் கேட்டவளையும் எழுதுனேன். அப்பறம் ஆறாவதுல ஒரு சிறப்பாசிரியை வந்து சண்டை போட்டு அவள வேற பள்ளிக்கூடத்துல கொண்டுபோயி உக்கார வெச்சது, மொத மொதல்ல தெனமும் போனது, அதையும் எழுதுனேன். காற்புள்ளி, முற்றுப்புள்ளி அத்தனையும். அவ சொல்றது உள்ள போகப் போக எனக்குமே என்னமோ பண்ணுச்சு, இல்லைன்னு சொல்லலை.

கடைசி வரிக்கு வந்தோம். ‘என்னைப் பற்றி எழுதிய ஒருவரும் என்னைக் கேட்டு எழுதவில்லை. முற்றுப்புள்ளி. அவ்வளவுதான் டீச்சர்.’

நான் அந்தத் தாளப் பாத்தேன். இது ஃபைல்ல போயிரும். ஃபைலு எத்தனை வருசம் இருக்கும்னு ஆருக்குத் தெரியும். நாளைக்கு அவ காலேஜு முடிச்சு வேலைக்குப் போவா, எவனாவது தூசி தட்டி எடுத்துப் பாப்பான். அத்தனை பேரு அத்தனை பண்ணியும் இந்தப் புள்ளைக்கு நன்றி இல்லையேன்னு நெனைச்சுருவான். சின்னப் புள்ளைக்கு அதெல்லாம் தெரியுமா? பக்கத்துல இருக்கற நாமதான் பாத்துக்கோணும். ‘என்னைப் பற்றி எழுதிய ஒவ்வொருவரும் என் நன்மைக்காகவே எழுதினார்கள்’னு எழுதுனேன். முற்றுப்புள்ளி வெச்சேன். சாந்தாமணி நான் எழுதறதயே பாத்துட்டிருந்தா, எழுத்து அழகா இருக்குதுங்கன்னா.

வாசிச்சுக் காட்டுங்க டீச்சர்ன்னா மோனிஷா. வாசிச்சேன். நிறுத்தி நிதானமா, எல்லாப் பத்தியும். கடைசி வரிய மட்டும் தாளப் பாக்காம, அவ சொன்ன மாதிரியே வாசிச்சேன். ஒருவரும் என்னைக் கேட்டு எழுதவில்லை. கேட்டதும் அவ மொகம் பழையபடி ஆச்சு கண்ணு, காலையில வந்தப்ப இருந்த மாதிரி. ‘இப்பத்தான் டீச்சர் நான் சொன்னத எழுதியிருக்கறீங்க’ன்னா. என்ற கையத் தேடிப் புடிச்சா. உங்க மேல எனக்குக் கோவம் இல்லைங்க டீச்சர்ன்னா.

எங்க கையெழுத்துப் போடோணும்னு கேட்டா. நானே அவ வெரலப் புடிச்சுக் கொண்டுபோயி, அந்தக் கடைசி வரிக்குக் கீழ வெச்சேன். அழகாக் கையெழுத்துப் போடுறா கண்ணு, நீ பாக்கோணும்.